கணிப்பொறியும் இசைக்கோப்பு மாற்றமும்

ஒரு கணிப்பொறியில் இனிது ஒலித்த இசைக்கோப்பு பிறிதொன்றில் வாய்திறவாதிருத்தலும், திறப்பின் வெற்றிரைச்சலாதலும் உண்டு. அவ்விடத்து இசையே கெட்டொழிந்ததெனப் பலர் மயங்குவர். பெரும்பாலும் கெட்டது இசையன்று. எழுதிய முறையும் படிக்கும் முறையும் வேறுபட்டமையே காரணமாம். அவ்வேறுபாட்டையும், அதனை நீக்கும் வழியையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஒலியாவது காற்றின் அதிர்வு. கணிப்பொறி அதனை அளந்து எண்களாக எழுதி வைக்கின்றது. குறுந்தகட்டு முறையில் ஒரு நொடிக்கு 44,100 முறை அளவெடுப்பர். ஒவ்வோர் அளவும் இரண்டு பைட்டு இடங்கொள்ளும். இடம், வலம் என ஒலிவழி இரண்டாதலின், ஒரு நொடி இசைக்கு 1,76,400 பைட்டு வேண்டும்.

இனி, இரு பைட்டுகளுள் எதனை முன் எழுதுவது? 258 என்பது ஒரு 256-உம் 2-உம் ஆகும். உயர்ந்த பகுதியை முன் வைப்பார் 1, 2 என எழுதுவர். தாழ்ந்ததனை முன் வைப்பார் 2, 1 என எழுதுவர். ஒருவர் எழுதியதனை மற்றவர் தம் முறையிற் படிப்பின் 258 என்பது 513 ஆய்விடும். எண்ணெல்லாம் இங்ஙனம் திரியின் இரைச்சலன்றி வேறென்ன எஞ்சும்? சுவிப்டு என்பார் இயற்றிய கலிவரின் கதையில், முட்டையைப் பெருமுனையில் உடைப்பதோ சிறுமுனையில் உடைப்பதோ என இரு நாட்டார் போர் புரிந்தனர். 1980-ஆம் ஆண்டில் டேனி கோஹன் என்னும் அறிஞர் அப்பெயர்களையே இவ்விரு முறைகட்கும் சூட்டினார். ஆப்பிள் நிறுவனத்தார் 1988-இல் வகுத்த ஏ.ஐ.எப்.எப். கோப்பு பெருமுனை முறையது; மைக்ரோசாப்டும் ஐ.பி.எம்.மும் 1991-இல் வகுத்த வேவ் கோப்பு சிறுமுனை முறையது. புள்ளியிடாத ஏட்டில் எகரமோ ஏகாரமோ என்பதை மரபறிந்தோனே துணிவான். அதுபோலக் கோப்பின் முறையறிந்த மென்பொருளே அதனைப் பிழையறப் படிக்கும்.

கோப்பு மாற்றம் இருவகைப்படும். ஒன்று பெயர்த்தெழுதல். ஏட்டிலுள்ள பாட்டைத் தாளில் எழுதுவது போல, இங்கு எண் ஒன்றும் குறையாது, ஏ.ஐ.எப்.எப்.-ஐ அதே அளவுகளுடன் வேவ் ஆக்குதல் இவ்வகையது. 2001-இல் வெளிப்போந்த பிளாக் முறையும் கோப்பைச் சிறிதாக்கினும் எண்களை உள்ளவாறே மீட்டுத் தரும். கோப்பின் பெயரீற்றை மட்டும் திருத்துதல் மாற்றமாகாது. நூலின் அட்டையை மாற்றினால் உள்ளிருக்கும் எழுத்து மாறுமோ?

மற்றொன்று சுருக்கியெழுதல். எம்.பி.3 முறை, உரத்த ஒலியால் மறைக்கப்பட்டு நம் செவிக்கு எட்டாதனவற்றைப் பெரிதும் விலக்கிவிடும். 128 கிலோபிட்டு வீதத்தில் ஒரு நொடிக்கு 16,000 பைட்டே போதும். ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு. ஆயின் விலக்கியது மீளாது. எம்.பி.3-ஐ வேவ் ஆக்கினால் கோப்பு பருக்குமேயன்றி இசை நிறையாது. காப்பியத்தின் கதைச்சுருக்கத்தை விரித்தெழுதிக் காப்பியத்தைப் பெறுவார் யார்? சுருங்கியதனைப் பின்னும் சுருக்கின் குறையே பெருகும்.

நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் முதியோர் பாடிய கீர்த்தனைகள் கணிப்பொறியிற் பதிந்து கிடக்கின்றன. பாடினோருட் பலர் மீண்டும் பாட வாரார். ஆதலின் முழுப்படியைக் குறையாத கோப்பாக வைத்துப் போற்றுவோமாக. பிறர்க்கு அனுப்புதற்குச் சுருக்கப்படியை அதனின்று எடுப்போமாக. பொறிகள் மாறுந்தோறும் முழுப்படியைப் புதுமுறையிற் பெயர்த்தெழுதுதலும் நம் கடனே. ஒப்புவிக்கப்பட்டதனைக் குறையாது கையளித்தலன்றோ உண்மையுள்ள உக்கிராணக்காரனுக்கு அழகு!