ஆலை மூடிய பின் நிலம்: மாசுற்ற தொழில் நிலங்களைச் சீர்செய்தல்

தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டால் உற்பத்தி நின்றுவிடுகிறது, தொழிலாளர் வெளியேறுகின்றனர், இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. ஆனால், ஆலை பல ஆண்டுகளாக மண்ணில் விட்ட வேதிப்பொருள்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. மழைநீர் அவற்றைக் கரைத்துக் கீழே இறக்குகிறது. நிலத்தடி நீர் அவற்றை வேலிக்கு அப்பாலும் கொண்டுசெல்கிறது. நகரம் விரியும்போது இத்தகைய நிலங்கள் குடியிருப்புகளின் நடுவே அமைந்துவிடுகின்றன. இவற்றைச் சீர்செய்து சமுதாயப் பயனுக்குக் கொணர்வது வளர்ச்சித் திட்டத்தின் ஓர் அங்கமாகும். இதில் கழிவை அகற்றுவது ஒரு பணி. நிலத்தைச் சீர்செய்வது மற்றொரு பணி. இவ்வேறுபாட்டைப் போபால் தெளிவாக உணர்த்துகிறது.

போபால் காட்டும் பாடம்

போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலை 1969-இல் தொடங்கப்பட்டது. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் அங்கிருந்து மெத்தில் ஐசோசயனேட் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டதை நாடறியும். எனினும், அங்குள்ள மண்ணின் மாசு அவ்விரவில் மட்டும் விளைந்ததன்று. ஆலை இயங்கிய ஆண்டுகளில் கழிவுகள் வளாகத்திலேயே கொட்டப்பட்டன. கழிவுநீர் அருகிலிருந்த ஆவியாக்கக் குளங்களில் விடப்பட்டது. வாயு காற்றில் கலைந்தது. மண்ணில் இறங்கிய நஞ்சு நிலைத்தது. நிலத்தடி நீர் மாசுற்றமையால், சுற்றுப்புற மக்களுக்குத் தூய குடிநீர் வழங்குமாறு 2004-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

வளாகத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருந்த 337 டன் கழிவு 2025 ஜனவரியில் பீதம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டு, ஜூன் இறுதிக்குள் எரிக்கப்பட்டது. எரிக்கும்போது சுண்ணாம்பு சேர்க்கப்பட்டதால், எஞ்சிய பொருள் முதலில் இருந்த கழிவைவிட எடை மிகுந்திருந்தது. அதனையும் பாதுகாப்பான குழியில் புதைத்துக் கண்காணிக்க வேண்டியுள்ளது. மேலும், சீர்செய்ய வேண்டிய மண்ணின் அளவு சுமார் 11 இலட்சம் டன் என்று தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2010-இல் மதிப்பிட்டது. அகற்றப்பட்ட கழிவு இதில் மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே, கழிவு வெளியேறியதும் நிலம் தூய்மையாயிற்று என்று கொள்வது தவறாகும்.

சீர்செய்யும் முறை

முதற்படி, நிலத்தின் வரலாற்றை அறிதல். எந்தப் பொருள் செய்யப்பட்டது, கழிவு எங்கே கொட்டப்பட்டது என்பவற்றை ஆலையின் பதிவேடுகளிலிருந்தும் முன்னாள் தொழிலாளரிடமிருந்தும் கேட்டறிய வேண்டும். இரண்டாவது, பல ஆழங்களில் மண்ணையும், வெவ்வேறு பருவங்களில் கிணற்று நீரையும் சோதித்தல். மூன்றாவது, நஞ்சு எங்கிருந்து, எவ்வழியாக, யாரைச் சென்றடைகிறது என்று கணித்தல்.

நான்காவது படியே திட்டமிடுவோர்க்கு இன்றியமையாதது. அது நிலத்தின் வருங்காலப் பயனை முடிவு செய்தல். குழந்தைகள் மண்ணில் விளையாடும் குடியிருப்புக்குத் தேவைப்படும் தூய்மை வேறு. தளமிட்ட சரக்குக் கிடங்குக்குப் போதுமான தூய்மை வேறு. பயனை முடிவு செய்த பின்னரே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மண்ணைத் தோண்டி அகற்றலாம்; நீர் புகாத உறையால் மூடலாம்; நுண்ணுயிர்களைக் கொண்டு நஞ்சைச் சிதைக்கலாம்; நிலத்தடி நீரை இறைத்துத் தூய்மை செய்யலாம். உறையிட்டு மூடிய நிலத்தில் பிற்காலத்தில் எவரும் அடித்தளம் தோண்டாதவாறு நிலப் பதிவேட்டிலேயே குறிப்பிடுதல் வேண்டும்.

செலவு யாருடையது?

இராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகிலுள்ள பிச்சிரி கிராமத்தின் கிணறுகளை வேதிப்பொருள் ஆலைகளின் கழிவு கெடுத்தது. இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல், மாசுபடுத்தியவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. எனினும், 15 ஆண்டுகள் கழித்து 2011-இலும் தொகையைச் செலுத்துமாறு அந்நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. நெறி வகுத்தால் மட்டும் நிலம் தூய்மையடையாது. பணம் உரிய காலத்தில் வந்து சேர வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

மாசுற்ற இடங்களின் மேலாண்மைக்கென மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் தெரிவித்தல், மாநில வாரியம் ஆராய்தல், பொறுப்பாளரைக் கண்டறிந்து செலவைப் பெறுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். இதனால் முதற்பொறுப்பு மாவட்ட அலுவலரைச் சார்கிறது.

மக்களின் பங்கு

போபால் கழிவு வந்தபோது பீதம்பூர் மக்கள் கடுமையாக எதிர்த்தனர். ஓரூரின் நஞ்சு தம்மூரின் நஞ்சாகிவிடுமோ என்னும் அச்சம் இயல்பே. சோதனை முடிவுகளை மக்களின் மொழியில் தொடக்கத்திலேயே வெளியிடுவதும், நிலத்தின் வருங்காலப் பயனைப் பற்றி அவர்களைக் கலந்து முடிவெடுப்பதும் பணியின் பகுதிகளாகும். வேலியை அகற்றிப் பூங்கா அமைப்பது எளிது. அப்பூங்காவை அடுத்து வாழ்வோரின் கிணற்று நீர் பருகத்தக்கதா என்பதே அத்திட்டத்தின் வெற்றியை அளக்கும் அளவுகோல்.