வயல் மேட்டூருக்குப் போறதில்ல: டிபென்டென்சி இன்ஜெக்ஷன்

நம்ம டெல்டா வயல் தண்ணி தேடி மேட்டூருக்குப் போறதில்ல. மடை வழியா வருது. ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியான்னு பயிர் கேட்காது. கிளாஸும் அப்படித்தான் இருக்கணும்.

'பாசனம்' கிளாஸ் உள்ளேயே 'நியூ' போட்டு சென்சாரை உருவாக்கினா, சென்சார் இல்லாம டெஸ்ட் பண்ண முடியாது. அதைக் கன்ஸ்ட்ரக்டர்ல, இன்டர்ஃபேஸா வாங்குங்க. டெஸ்ட்டுக்குப் போலி சென்சார் கொடுத்துடலாம். 2004-ல் மார்ட்டின் ஃபவுலர் விளக்கிய டிபென்டென்சி இன்ஜெக்ஷன் இதுதான்.

யாருக்கு எது போகணும்னு ஒரே இடத்தில் பிரிச்சு விடுறது கன்டெய்னர். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிக்கிற கல்லணை மாதிரி.

ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிங் கன்டெய்னர் நாம மாத்தாத வரை ஒரே ஆப்ஜெக்டை எல்லாருக்கும் கொடுக்கும். எங்க புராஜெக்ட்ல ஈரப்பதத்தை அதுக்குள்ளேயே சேமிச்சோம். ஒரு வயல் நனைஞ்சதும் காய்ஞ்ச வயலோட மோட்டாரும் நின்னுடுச்சு. பகிரும் ஆப்ஜெக்டில் தனி வயலோட கணக்கை வைக்காதீங்க.

நாலு கிளாஸ் புராஜெக்டுக்கு கன்டெய்னரே வேண்டாம். மெயின்ல கையால இணைச்சாலே போதும்.