ஒருகொடவத்தையிலிருந்து முதலீட்டு வங்கிக்கு: முதல் இன்டர்ன்ஷிப்புக்கு முழுமையான வழிகாட்டி

ஒருகொடவத்தைச் சந்தியில் காலையில் நின்றால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கொள்கலன் லொறிகள்தான். சுங்கத்தின் கொள்கலன் முற்றம் இங்கே, கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் அடுத்த பக்கம். 2021இல் திறந்த புதிய களனிப் பாலத்தின் கிளையொன்று இங்கேதான் இறங்குகிறது. கோட்டையில் உலக வர்த்தக மையம் இங்கிருந்து ஐந்தாறு கிலோமீற்றர்தான். ஆனாலும் இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று முதலீட்டு வங்கியில் இன்டர்ன் ஆகப் போகிறேன் என்றால், வீட்டில் முதலில் வரும் கேள்வி, "அங்க ஆரையும் தெரியுமா?" என்பதுதான்.

தெரிந்தவர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. அந்த வழி, யாரும் இலவசமாக இறக்கிப் படிக்கக்கூடிய ஆண்டறிக்கைகளுக்குள் போகிறது.

படி 1: என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதலீட்டு வங்கியில் சேமிப்புக் கணக்குத் திறக்க முடியாது. கொம்பனிகளுக்குப் பணம் திரட்டிக் கொடுப்பது, ஒரு கொம்பனியை இன்னொன்று வாங்கும்போது விலை மதிப்பிட்டு ஆலோசனை சொல்வது, இவைதான் அதன் வேலை. கொழும்பில் என்.டி.பி. இன்வெஸ்ட்மென்ட் பேங்க், எச்.என்.பி.யும் டி.எஃப்.சி.சி.யும் கூட்டாக நடத்தும் அக்குயிட்டி பார்ட்னர்ஸ், சி.டி. சி.எல்.எஸ்.ஏ., ஏசியா செக்யூரிட்டீஸ், கெப்பிட்டல் அலையன்ஸ், ஃபர்ஸ்ட் கெப்பிட்டல் ஆகியவை இந்தத் துறையில் தெரிந்த பெயர்கள். இவற்றில் சிலவற்றுக்குப் பங்குத் தரகுப் பிரிவும் உண்டு. தரகுப் பிரிவு வேறு, மேலே சொன்ன வேலைகளைச் செய்யும் கோர்ப்பரேட் ஃபினான்ஸ் பிரிவு வேறு. எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓர் உதாரணம். 2021இல் வின்ட்ஃபோர்ஸ் என்ற மின் உற்பத்திக் கொம்பனி, பங்கு ஒன்று 16 ரூபா என்ற விலையில் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது. அந்த 16 எங்கிருந்து வந்தது? காற்றாலை, சூரியசக்தி, நீர்மின் நிலையங்கள் ஒவ்வொன்றும் இனி எவ்வளவு உழைக்கும் என்று கணக்கிட்டு, மின்சாரத்தை வாங்கிய இலங்கை மின்சார சபை காசு கொடுக்கப் பிந்தினால் என்ன ஆகும் என்றும் யோசித்துத்தான் இப்படியொரு விலைக்கு வருகிறார்கள். அந்தக் கணக்கின் அடிமட்டத்தில், எண்களைச் சரிபார்த்துக்கொண்டு இருப்பவர்தான் இன்டர்ன்.

படி 2: காலத்தைக் குறியுங்கள்

நியூயோர்க்கில் இன்டர்ன்ஷிப் கோடை விடுமுறை வேலை: ஜூன் முதல் ஓகஸ்ட் வரை பத்து வாரம் அளவில் நடக்கும். நமக்குக் கோடை இல்லை. உயர்தரப் பரீட்சைக்கும் கம்பஸுக்கும் இடைப்பட்ட மாதங்களையோ, பட்டப்படிப்பின் கடைசியில் வரும் கட்டாயப் பயிற்சிக் காலத்தையோ பயன்படுத்துங்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் ஆறு மாதம் நிற்பவரையே விரும்பும். மூன்று மாதந்தான் முடியும் என்றால் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

படி 3: சிபாரிசுக்குப் பதிலாக இரண்டு பக்கம்

எல்லாரும் அனுப்புகிற சுயவிபரக் கோவையில் கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி மூன்றிலும் ஏ சித்தி என்று இருக்கும். அதோடு, பட்டியலிடப்பட்ட கொம்பனி ஒன்றைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றையும் இணையுங்கள். எப்படி உழைக்கிறது, கடன் எவ்வளவு, எதற்குப் பயப்பட வேண்டும், இவ்வளவு போதும். கொம்பனிகளின் ஆண்டறிக்கைகளும் காலாண்டறிக்கைகளும் கொழும்பு பங்குச் சந்தையின் தளத்தில் இருக்கின்றன.

தமிழ் மொழிமூலம் படித்தவர்களுக்கு ஆங்கிலப் பயம் இருக்கும். குறிப்பைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதுங்கள். அலங்கார ஆங்கிலத்தை அங்கே யாரும் தேடுவதில்லை. எண் பிழைத்திருந்தால்தான் தாளை ஒதுக்கி வைப்பார்கள். சிங்களம் பேச வந்தால் சாப்பாட்டு மேசையில் நண்பர்கள் கிடைப்பார்கள், அவ்வளவுதான்.

படி 4: முதல் வாரத்து அட்டவணை

இது மற்றப் படிகளைவிட நீளமாக இருக்கும். பெரும்பாலான இன்டர்ன்கள் சறுக்குவது இங்கேதான்.

வந்ததும் ஓர் எக்செல் தாளைத் தருவார்கள். ஒரே துறையில் உள்ள ஏழெட்டுக் கொம்பனிகளின் பங்கு விலை, பங்குகளின் எண்ணிக்கை, இலாபம், கடன் எல்லாவற்றையும் நிரப்பி, விலை உழைப்பைப் போல் எத்தனை மடங்கு என்று காட்ட வேண்டும். பார்த்தால் பத்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் ஆண்டறிக்கையைத் திறந்தவுடனேயே எண்கள் இரண்டு நிரலாக நிற்கும்: ஒன்று குழுமம், மற்றது கொம்பனி மட்டும். துணைக் கொம்பனிகளும் சேர்ந்த குழும எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் கை பக்கத்து நிரலுக்குப் போய்விடும்.

அடுத்தது பங்கு எண்ணிக்கை. கொமர்ஷல் வங்கியைப் போல் சில கொம்பனிகளுக்கு வாக்குரிமைப் பங்கு, வாக்குரிமையற்ற பங்கு என்று இரண்டு வகை உண்டு. சந்தைக் குறியீட்டில் முதலாவதற்கு 'என்', இரண்டாவதற்கு 'எக்ஸ்' என்று இருக்கும், விலையும் வேறு. ஒன்றை மட்டும் பெருக்கினால் வங்கியின் ஒரு துண்டு காணாமல் போய்விடும்.

பிறகு நிதியாண்டு. வங்கிகள் டிசம்பர் 31இல் கணக்கை மூடும், மற்றக் கொம்பனிகளில் பல மார்ச் 31இல். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் ஒப்பீடு பொய் சொல்லும். நான்கு காலாண்டுகளைக் கூட்டிச் சமப்படுத்த வேண்டும். ஒரு கொம்பனி ஆயிரம் ரூபாவில் எழுதும், இன்னொன்று மில்லியனில். சிலவேளை சென்ற வருட எண்ணை இந்த வருட அறிக்கையில் திருத்தி வெளியிட்டிருப்பார்கள், அந்தத் திருத்தத்தையும் பார்க்க வேண்டும். இலாப வரியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் நட்டம்.

கையால் அடித்த எண் நீலம், சூத்திரத்தால் வருவது கறுப்பு என்பது இந்தத் தொழிலின் வழக்கம். ஒவ்வொரு நீல எண்ணுக்கும் அறிக்கைப் பக்க இலக்கத்தைப் பக்கத்துக் கட்டத்தில் குறித்து வையுங்கள். "இது எங்கே இருந்து வந்தது?" என்று கேட்டதும் பக்கத்தைச் சொல்லும் இன்டர்னைத்தான் அடுத்த வேலைக்குக் கூப்பிடுவார்கள். படம் போட்ட பவர்பொயின்ட் பக்கங்களை அழகாக்குவதும் உங்கள் தலையில் விழும். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

படி 5: வாயை மூடிக்கொள்ளுங்கள்

கொழும்பில் பிறந்த தமிழர் ராஜ் ராஜரத்தினம் நியூயோர்க்கில் நீடம் என்ற முதலீட்டு வங்கியின் தலைவராக உயர்ந்து, 1997இல் கெலியன் நிதியத்தைத் தொடங்கியவர். 2009இல் கைதானார். வெளியாகாத உள்தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்ததற்காக 2011இல் 11 வருடச் சிறைத் தண்டனை பெற்றார். தகவல் கொடுத்தவர்களில் ஆலோசனை நிறுவனத்தில் இருந்தவரும் கொம்பனிக்குள் இருந்தவரும் உண்டு.

இலங்கையிலும் இது குற்றம். 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பிணையங்கள் சட்டம் இதைத் தடுக்கிறது. இன்டர்ன் என்ற சலுகை சட்டத்தில் இல்லை. உங்களிடம் பங்குக் கணக்கு இருந்தால் முதல் நாளே அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். "எந்தப் பங்கு வாங்கலாம்?" என்று கேட்கும் சித்தப்பாவுக்கு ஒரு சிரிப்பு போதும். வெள்ளவத்தைக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸில், தமிழ்தானே என்று தைரியமாகப் போனில் வேலைக் கதை பேசாதீர்கள். அந்த பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும்.

படி 6: நேரம், வீடு, வெள்ளம்

சந்தை 9.30க்குத் திறந்து 2.30க்கு மூடும். கோர்ப்பரேட் ஃபினான்ஸ் பிரிவுக்கு அந்தக் கணக்கு இல்லை. பங்கு வெளியீடு ஒன்று நெருங்கினால் இரவாகும். லண்டனில் 2013இல் 21 வயது முதலீட்டு வங்கி இன்டர்ன் ஒருவர் தொடர்ந்து இரவு பகலாக வேலை செய்தபின் இறந்தார். வலிப்பு நோயே காரணம் என்று விசாரணை சொன்னது. களைப்பும் தூண்டியிருக்கலாம் என்று அங்கே பேசப்பட்டது. அதன் பிறகு 2015இல் கோல்ட்மன் சாக்ஸ், கோடைக்கால இன்டர்ன்கள் நள்ளிரவுக்கும் காலை ஏழு மணிக்கும் இடையில் அலுவலகத்தில் இருக்கக்கூடாது என்று விதித்தது. களைத்த கண் எண்ணைப் பிழையாகப் படிக்கும் என்பது என் வாதம். உடம்பு முடியவில்லை என்றால் சொல்லுங்கள், வீரம் காட்ட வேண்டிய இடம் அதுவல்ல.

இரவு பிந்தினால் வாகனச் செலவு தருவார்களா என்று நேர்முகத் தேர்வின் முடிவிலேயே கேளுங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இன்னொன்று, கோட்டையில் இருக்கும் மேலாளருக்குக் களனி ஆறு ஏறுவது தெரியாது. 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கியது நமக்குத் தெரியும். பருவமழைக் காலத்தில் நீர்மட்டம் கூடினால் முந்தின நாளே செய்தி அனுப்பிவிடுங்கள்.

படி 7: வெளியே வரும்போது

சேவைக் கடிதத்தில் காலமும் பிரிவும் செய்த வேலையும் எழுதப்பட வேண்டும். "நல்ல நடத்தை" என்ற ஒற்றை வரியோடு வந்துவிடாதீர்கள். கோப்புகளை வீட்டுக்கு எடுத்துவரவே கூடாது. கற்றதைப் புதுத் தாளில், பொது அறிக்கைகளை வைத்து, மறுபடி செய்து பாருங்கள். துறை பிடித்திருந்தால் சி.எஃப்.ஏ. என்ற நிதிப் பகுப்பாய்வுத் தேர்வின் முதற்கட்டத்தைப் பட்டம் முடியுமுன்பே எழுதலாம். பிடிக்காவிட்டாலும் நட்டமில்லை, கணக்கறிக்கை வாசிக்கத் தெரிந்தவருக்கு வங்கியிலும் கணக்காய்விலும் வேலை உண்டு.

மார்ச்சில் கணக்கை மூடும் கொம்பனிகளின் ஆண்டறிக்கைகள் ஓகஸ்ட் முடிவதற்குள் வெளிவந்துவிடும். அதில் ஒன்றை இறக்கி, குழும நிரலில் விரலை வைத்து, இந்த வாரமே வாசிக்கத் தொடங்குங்கள்.