குமிழி எழுந்தாலே இரசாயன மாற்றமா?

ஒரு பொருள் தன் இயல்பை இழந்து, வேறு இயல்புடைய புதிய பொருளாக மாறுவதே இரசாயன மாற்றம். வாயு வெளிப்படுதல், நிறம் மாறுதல், வெப்பம் தோன்றுதல் ஆகியவை அதன் அறிகுறிகள் என்று மாணவர்கள் கற்கின்றனர். ஆனால், அறிகுறி வேறு, ஆதாரம் வேறு. காய்ச்சல் கண்ட எல்லாருக்கும் டெங்கி என்று மருத்துவர் முடிவு செய்வதில்லை. அதுபோலவே, ஓர் அறிகுறியை மட்டும் கண்டு இரசாயன மாற்றம் நிகழ்ந்துவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது.

தளதளவெனக் கொதிக்கும் நீரில் குமிழிகள் பொங்கி எழுகின்றன. அவற்றுள் இருப்பது காற்று என்று சிலரும், நீரிலிருந்து பிரிந்த ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்று வேறு சிலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது நீராவியே. குளிர்ந்த தட்டில் பட்டால் அது மீண்டும் நீர்த்துளிகளாகப் படிகிறது. இங்கே புதிய பொருள் எதுவும் உருவாகவில்லை. சமையல் சோடாவின்மீது எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தாலும் குமிழிகள் எழும். அவற்றுள் இருப்பதோ கரியமில வாயு. சாற்றின் புளிப்பும் குறைந்துவிடுகிறது. ஆகவே, இது இரசாயன மாற்றம்.

நிறமும் நம்மை ஏமாற்றக்கூடும். சிவப்பு ரோஜாப் பாகில் பாலைச் சேர்த்தால் இளஞ்சிவப்பான பண்டோங் பானம் கிடைக்கிறது. இது வெறும் கலவையே. ஆனால், வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பாவது இரசாயன மாற்றம். பழத்திலுள்ள சில பொருள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து புதிய பழுப்பு நிறப் பொருளை உருவாக்குகின்றன.

‘பழைய நிலைக்குத் திரும்பாததெல்லாம் இரசாயன மாற்றம்’ என்ற கருத்தும் சரியன்று. கிழித்த தாளைப் பழையபடி ஆக்க முடியாது. எனினும், ஒவ்வொரு துண்டும் தாளே. மாறாக, கைப்பேசியின் மின்கலம் மின்சாரம் தரும்போது அதனுள் இரசாயன மாற்றம் நிகழ்கிறது. மின்னேற்றும்போது அம்மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்ந்து, மின்கலம் மீண்டும் பயன்படுகிறது.

மெழுகுவர்த்தி எரிந்து குறையும்போது மெழுகு அழிந்துவிட்டதாகத் தோன்றும். உருகி வழிந்த மெழுகு உறைந்த பின்னும் மெழுகே. அது பௌதிக மாற்றம். சுடரில் எரியும் மெழுகோ ஆக்சிஜனுடன் சேர்ந்து, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறிக் காற்றில் கலக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் லவாய்சியர், காற்றுப் புகாதபடி மூடிய கண்ணாடிக் கலத்தில் வெள்ளீயத்தைச் சூடாக்கினார். உலோகத்தில் ஒரு பகுதி சாம்பல் போன்ற புதிய பொருளாக மாறியது. ஆனால், கலத்தின் மொத்த எடை மாறவில்லை. இரசாயன மாற்றத்தில் பொருள் உருமாறுகிறது, இல்லாமல் போவதில்லை.

இந்தத் தெளிவு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. இரண்டு துப்புரவுத் திரவங்களைக் கலந்தால் அழுக்கு விரைவில் நீங்கும் என்று எண்ணுவோர் உண்டு. துணி வெளுக்கும் திரவத்துடன், அமிலம் கொண்ட கழிவறைத் துப்புரவுத் திரவமோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு உருவாகிறது. முதல் உலகப் போரில், 1915இல், ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட நச்சு வாயு அது. குறைந்த அளவில் இருக்கும்போது அதன் நிறம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நெடியும் கண்ணெரிச்சலும் இருமலுமே அதைக் காட்டிக் கொடுக்கும். அவ்வாறு நேர்ந்தால் உடனே அங்கிருந்து வெளியேறித் தூய காற்றுள்ள இடத்திற்குச் செல்ல வேண்டும். மூச்சுத் திணறினால் தாமதமின்றி மருத்துவ உதவியை நாட வேண்டும்.

எனவே, எந்த மாற்றத்தையும் ஆராயும்போது ‘குமிழி வந்ததா? நிறம் மாறியதா?’ என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. ‘இங்கே புதிய பொருள் உருவானதா? அது எது?’ என்றும் கேட்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அக்கேள்வி சரியான விடையைத் தரும். வீட்டில் அது உயிரையே காக்கும்.