விழுந்த பின் தூக்குவதா, விழாமல் காப்பதா?



நமது டிரஸ்டுக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் அடிக்கடி காண்பது, "உம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார்கள், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது" என்பதுதான். ஆபரேஷனுக்கு நம்மால் முடிந்ததைக் கொடுக்கிறோம். ஆனால் விழுவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பெரிய செலவு இல்லை. இம்மாதப் பாடம் அதைப் பற்றியது.

முதலில் நம் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நம் உம்மாவுக்கு எழுபது வயது தாண்டியதும், "நீங்க எழுந்திருக்காதீங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்றோம். தண்ணீர்ச் செம்பைக்கூட கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். கித்மத் செய்கிறோம் என்றே நினைத்தோம். இரண்டே வருடத்தில் கட்டிலிலிருந்து எழ அவர்களுக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. ஒருநாள் பஜ்ருக்கு உளூச் செய்யப் போனபோது வாசற்படியில் கால் இடறி விழுந்தார்கள். எலும்பு கூடியது, பயம் போகவில்லை. சுவரைப் பிடிக்காமல் ஓர் அடி வைக்க மாட்டார்கள். "ஒரு ஸஜ்தா தரையில் வைக்கணும்" என்று அவர்கள் ஏங்கியது இன்னும் நம் காதில் இருக்கிறது. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் தந்த சலுகை அல்லாஹ்வின் அருள். ஆனால் நிற்கும் சக்தியை நம் கவனக்குறைவால் அவர்கள் இழக்கக் கூடாதல்லவா?

காரணம் இதுதான். கால் இடறும்போது அடுத்த காலைச் சட்டென்று முன்வைத்து உடலைத் தாங்க வேண்டும். அதற்குத் தொடையில் வலுவும், உடலில் சமநிலையும் வேண்டும். பயன்படுத்தாத தசை கரையும். ஒருமுறை விழுந்தவர் பயந்து நடமாட்டத்தைக் குறைப்பார். அதனால் தசை மேலும் கரைந்து, மறுபடி விழும் வாய்ப்பு கூடும்.

உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2019-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 108 சோதனைகளை அலசியது. உடற்பயிற்சி செய்த முதியோரிடம் விழும் எண்ணிக்கை சுமார் 23 சதவீதம் குறைந்திருந்தது. முக்கியப் பலன் சமநிலைப் பயிற்சியால் கிடைத்தது. வெறும் நடைப்பயிற்சி மட்டும் போதும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

எனவே கீழ்க்கண்டவற்றை வாரம் மூன்று நாட்களாவது செய்ய வேண்டும்:

1. கெட்டியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். முடியாவிட்டால் கை ஊன்றலாம். 10 முறை.
2. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பிறகு முன்பாதத்தை உயர்த்தி இறக்குங்கள். 10 முறை.
3. பிடித்தபடியே ஒற்றைக் காலில் 10 நொடி நில்லுங்கள். பிறகு மறு கால்.
4. சுவரோரம் பக்கவாட்டில் 10 அடி போய்த் திரும்புங்கள்.
5. ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்து 10 அடி நடங்கள்.

சுலபமாகிவிட்டால் பிடியைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்: இரு கை, ஒரு கை, பிறகு விரல் நுனி. இதை விட்டுவிட்டால் நாம் மேலே சொன்ன பலன் கிடைக்காது. நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஏற்கனவே விழுந்தவர்களும், இதய நோய் உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

இதை வீட்டில் தனியாகவும் செய்யலாம். ஆனால் தனியாகத் தொடங்குபவர் பத்து நாளில் விட்டுவிடுவதைப் பார்க்கிறோம். நாலு பேர் கூடினால், "நேற்று ஏன் வரலே ராத்தா?" என்று கேட்க ஒருவர் இருப்பார். தடுமாறினால் தாங்க ஒரு கை இருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, நாள் முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்குப் பேச்சுத் துணையும் கிடைக்கும். ஜமாஅத்தின் பரக்கத்தை நாம் அறியாதவர்களா? ஆண்கள் பஜ்ருக்குப் பின் மதரஸா கூடத்திலும், பெண்கள் அஸருக்குப் பின் ஒரு வீட்டு முற்றத்திலும் ஐந்தாறு பேராகக் கூடினாலே போதும்.

கூடவே வீட்டையும் பாருங்கள். பாத்ரூம் போகும் வழியில் இரவு விளக்கு எரிகிறதா? உளூச் செய்யும் இடத்தில் பாசி இருக்கிறதா? கைலியும் புடவையும் தரையில் புரள்கிறதா? கண்புரை பார்த்தீர்களா? மாத்திரை சாப்பிட்டபின் தலை சுற்றினால் டாக்டரிடம் சொன்னீர்களா?

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: உம்மா வாப்பா எழும்போது உடனே கை கொடுத்துத் தூக்காதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள்; அவர்களாக எழட்டும். அதுவும் கித்மத்தே.

நம் பெரியவர்கள் கடைசிவரை தம் காலில் நின்று தொழ அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.