சொந்த சாட் சர்வரா, இருக்கிற கணக்கே போதுமா?



"வாட்ஸ்அப் இருக்கும்போது சொந்தமா சாட் சர்வர் எதுக்குடா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். "நம்ம பேச்சு நம்மகிட்டயே இருக்கும்ல" என்று பெருமையாகச் சொன்னேன். வீட்டில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, 'புரோசோடி' என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். இது எக்ஸ்.எம்.பி.பி. என்ற பொது விதிமுறைப்படி இயங்குகிறது. 1999-இல் 'ஜாபர்' என்ற பெயரில் வந்து, 2004-இல் இணையத் தரமானது. ஈமெயில் மாதிரிதான், ஒரு சர்வரில் இருப்பவர் வேறொரு சர்வரில் இருப்பவரோடும் பேசலாம்.

நாலு பேர் சேர்ந்தோம். இரண்டு வாரம் ஜோராக ஓடியது. வேதியியல் தேர்வுக்கு முந்தின நாள் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் சர்வர் ஓடியது. ஆனால் யாராலும் உள்ளே வர முடியவில்லை! மோடம் மறுபடி ஆன் ஆனபோது எங்கள் வீட்டு ஐ.பி. எண் மாறிவிட்டது. வீட்டு இணைப்பில் இது சகஜமாம். கதவு எண்ணையே மாற்றிவிட்டால் தபால்காரர் பாவம் என்ன செய்வார்? எண் மாறியதும் தானாகவே பதிந்துகொள்ளும் 'டைனமிக் டி.என்.எஸ்.' வசதியை அப்புறம்தான் போட்டேன்.

அதைச் சரிசெய்யும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. பழைய செய்திகளைச் சேமிக்கும் வசதியை நான்தான் போட்டிருந்தேன். கோப்பைத் திறந்தால், மற்ற இருவர் தங்களுக்குள் பேசியது அப்படியே இருந்தது. ஒரு வரி படித்துவிட்டு மூடிவிட்டேன். (சத்தியமாக!) மறுநாள் எல்லாரிடமும் சொன்னேன். "அப்ப இத்தனை நாளும் படிச்சியாடா?" என்று ஒருவன் கேட்டான். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

வாட்ஸ்அப்பில் 2016 முதல், செய்தி அனுப்புபவர் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுபவர் போனில்தான் திறக்கிறது. நடுவிலுள்ள கம்பெனியால் அதைப் படிக்க முடியாது. நான் பெருமையடித்த சர்வரில் அந்தப் பூட்டு இல்லை! எக்ஸ்.எம்.பி.பி.க்கும் 'ஓமெமோ' என்ற பூட்டு உண்டு. இப்போது நாலு பேரும் போட்டிருக்கிறோம். ஆனாலும் யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பது சர்வருக்குத் தெரியும். கம்பெனி சர்வரிலும் இதே கதைதான்.

அதுக்காக இருக்கிற கணக்கே போதும்னும் சொல்ல மாட்டேன். யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையிலும், ஐ.சி.க்யூ. 2024 ஜூனிலும், ஸ்கைப் 2025 மே மாதத்திலும் மூடப்பட்டன. அவர்கள் மூடினால் நம் கணக்கும் போச்சு. என் சர்வரை நான்தான் மூட வேண்டும். (அல்லது கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு அம்மா!)

புரோசோடியைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் லேபுக்கு வாருங்கள். பேசாமல் இருந்தவனும் வருவான். சர்வர் பாஸ்வேர்டு இப்போது அவனிடமும் இருக்கிறது.

— பதினோராம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு