ஒரு கரண்டி நீரில் கரையும் மாத்திரை

எங்கள் மையத்துக்கு வரும் ஓர் அக்காவின் பேரனுக்கு வயிற்றுப்போக்கு. வயது ஒன்றரை. ஆஷா பணியாளர் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கொடுத்தார். ஜிங்க் மாத்திரை அட்டையும் கொடுத்தார்.

அக்கா ஒரு மாத்திரையைக் கரண்டித் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அது கரைந்துவிட்டது. அக்கா பயந்துபோனார். "இவ்வளவு சீக்கிரம் கரைகிறதே! என்ன ரசாயனம் கலந்தார்களோ!" என்று கீழே கொட்டிவிட்டார்.

அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. நானே மருந்துக் கடையில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை. மாத்திரையை உடைக்கும் பொருளும் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது உப்பும். மாத்திரை பொடிப்பொடியாக உதிரும்.

இப்படிப்பட்ட பொருள்களில் சில செடியிலிருந்து வருகின்றன. இசப்கோல் தெரியும் அல்லவா? மலச்சிக்கலுக்குச் சாப்பிடுவோமே, அந்த உமி. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிறது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உப்பிக் கொழகொழவென்று ஆகும். அந்தக் குணம்தான் மாத்திரையை உடைக்கிறது. ஆனால் அளவு மிஞ்சினால், அந்தக் கொழகொழப்பே மாத்திரையைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்ளும். மழையும் மண்ணும் மாறினால் உமியின் தரமும் மாறும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கிராஸ்போவிடோன் என்பது தொழிற்சாலையில் செய்யும் பொருள். பஞ்சு போல நீரை இழுக்கும். கூழ் ஆகாது. கொஞ்சம் போட்டால் போதும். அது உடம்பில் சேராது. மலத்தோடு வெளியே போய்விடும். இன்னொரு பொருளை உருளைக்கிழங்கு மாவிலிருந்து ரசாயன முறையில் செய்கிறார்கள். அதை இயற்கை என்பதா, செயற்கை என்பதா?

செடியிலிருந்து வந்தாலே நல்லது என்று சொல்ல முடியாது. எட்டிக்காயும் மரத்தில்தான் காய்க்கிறது.

சின்னக் குழந்தைக்கு முழு மாத்திரை தொண்டையில் சிக்கும். அதனால்தான் கரையும் மாத்திரை. வயிற்றுப்போக்குக்குக் கரைசலோடு ஜிங்கும் கொடுக்கச் சொல்லி, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் அறிவித்தன. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம். 14 நாள் கொடுக்க வேண்டும். போக்கு நின்றாலும் நிறுத்தக் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் செவிலியரைக் கேளுங்கள்.

மாத்திரையை ஈரக் கையால் எடுக்காதீர்கள். அட்டையிலேயே ஊறி உதிர்ந்துவிடும். அட்டையில் ஆங்கிலம்தான் இருக்கும். பரவாயில்லை, எண்களை நாம் படிக்கலாம். மருந்து காலாவதியாகும் மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தை முதலில் கிழித்துவிடாதீர்கள்.

அக்கா மறுநாளே மாத்திரையை மீண்டும் தொடங்கினார். சுவர்க் காலண்டரில் 1 முதல் 14 வரை தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். நேற்று 9ஐ அடித்தார்.